கண்ணின் வலி போக்கிய கார்ல் கொல்லர்

மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாகச் செல்லும்போது அங்கே பாடுபடும் பெரியோரின் கண்களை நீங்கள் உற்று நோக்கியதுண்டா? பாத்தி பாத்தியாகக் கடல்நீர் காய்ந்து, வெள்ளை வெளேரென உப்புக் குவிந்து கிடக்கும். அதன்மேல் பட்ட வெயில் கண்ணாடியில் பட்டது போலத் திரும்பி வந்து கண்ணைக் கூசச் செய்யும். காற்றில் உப்புத் தூள் பறக்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி வெயிலையும் காற்றையும் தாங்கிய கண்கள் சிவந்து போகின்றன. சிலருக்கு மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்கிறது. முதுமையில் புரை விழுகிறது.

இன்று இவற்றிற்கெல்லாம் அறுவை மருத்துவம் உண்டு. கண்ணில் சில துளி மருந்து விடுகிறார்கள். தேவையானால் ஓர் ஊசியும் போடுகிறார்கள். கண் மரத்துப் போகிறது. நோயாளி விழித்தபடியே படுத்திருக்க, மருத்துவர் தம் வேலையை முடித்துவிடுகிறார். அன்று மாலையோ மறுநாளோ பாட்டி வீடு திரும்பிவிடுகிறார்.

இந்த எளிய காரியம் ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன்பு வரை உலகில் எங்குமே இல்லை. இதை நமக்குத் தந்தவர் 26 வயதே ஆன ஓர் ஏழை மருத்துவர். கார்ல் கொல்லர் என்பது அவர் பெயர். அவர் வாழ்க்கையைப் படித்தால் ஒரு மருந்து எவ்வளவு நன்மை செய்யும் என்பது தெரியும். அதே மருந்து வேறொரு மருந்தோடும், உடலில் ஏற்கெனவே உள்ள நோயோடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இரண்டையும் அறிந்து கொள்வது நமக்கு நல்லது.

பிறப்பும் படிப்பும்

கொல்லர் 1857-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் பொகீமியா நாட்டில் ஒரு சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நாளில் அது ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. இன்று சுஷீட்சே என்ற பெயரில் செக் நாட்டில் இருக்கிறது. வியன்னா நகரில் மருத்துவம் பயின்று 1882-இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே பேராசிரியர் ஸ்டிரிக்கரின் ஆய்வுக்கூடத்தில் கோழிக்கரு எவ்வாறு வளர்கிறது என்று ஆராய்ந்தார். நுணுக்கமாகப் பார்ப்பதும், பார்த்ததை அப்படியே குறித்து வைப்பதும் அங்கே அவருக்குக் கைவந்த பழக்கங்கள்.

பின்னர் அவர் மனம் கண் மருத்துவத்தை நாடியது. வியன்னாவில் அப்போது ஆர்ல்ட் என்ற புகழ்பெற்ற கண் மருத்துவப் பேராசிரியர் இருந்தார். அவருடைய துறையில் உதவியாளராகச் சேர வேண்டுமென்பது கொல்லரின் பெருவிருப்பம்.

அக்காலக் கண் அறுவையை எண்ணிப் பாருங்கள். 1846-இல் அமெரிக்காவில் ஈதர் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே குளோரோபாமும் வந்துவிட்டது. காலையும் கையையும் அறுக்க அவை உதவின. ஆனால் கண்ணுக்கு அவை ஏற்றவையாக இல்லை. மயக்கம் தெளியும்போது நோயாளி வாந்தி எடுப்பார், இருமுவார். அப்போது புதிதாக அறுத்த கண்ணில் அழுத்தம் ஏறி, உள்ளிருக்கும் பொருள் வெளியே வந்துவிடும். பார்வை போய்விடும். ஆகவே பல மருத்துவர்கள் மயக்கமே கொடுக்காமல் அறுத்தார்கள். நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக் கொள்வார்கள். கண்ணை நோக்கிக் கத்தி வருவதை அவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்!

நம் நாட்டிலோ ஊர் ஊராகச் செல்லும் நாட்டு வைத்தியர்கள் ஊசி கொண்டு புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடுவார்கள். அதற்கும் வலி போக்க மருந்து கிடையாது. இப்படித் தள்ளியதால் கெட்டுப்போன கண்கள் பின்னாளில் சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனைக்கு ஏராளமாக வந்தன. அதன் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் அவற்றை ஆராய்ந்து 1917-இல் ஒரு நூலே எழுதினார்.

கண்ணை மட்டும் மரக்கச் செய்யும் மருந்து ஒன்று தேவை என்பதைக் கொல்லர் உணர்ந்தார். மார்பின், குளோரல், புரோமைடு ஆகியவற்றைக் கண்ணில் இட்டுச் சோதித்தார். ஒன்றும் பயன் தரவில்லை. சோதனையை நிறுத்தினாரே தவிர, கேள்வியை அவர் மறக்கவில்லை.

நாக்கு சொன்ன செய்தி

தென் அமெரிக்காவின் மலைநாட்டு மக்கள் கொக்கா என்ற செடியின் இலையை மென்று களைப்பைப் போக்கிக் கொள்வார்கள். அந்த இலையிலிருந்து ஜெர்மானிய வேதியியலார் நீமன் 1860-இல் கொக்கெயின் என்ற வெண்பொடியைப் பிரித்தெடுத்தார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அது பெரிதாக எவர் கண்ணிலும் படவில்லை.

கொல்லருக்கு மருத்துவமனையில் ஒரு நண்பர் இருந்தார். அவர்தாம் பிற்காலத்தில் மனநோய் மருத்துவத்தில் உலகப்புகழ் பெற்ற சிக்மண்ட் பிராய்டு. பிராய்டு 1884-இல் கொக்கெயினைப் பற்றி ஆர்வத்துடன் ஆராய்ந்து ஜூலை மாதத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். களைப்புக்கும் சோர்வுக்கும் அது நல்ல மருந்து என்று அவர் நம்பினார். உடல் வலிமையில் அது என்ன மாற்றம் செய்கிறது என்று அளந்து பார்க்கும் வேலையில் கொல்லரும் அவருடன் சேர்ந்து கொண்டார். இருவரும் அதை வாயில் போட்டுக் கொண்டார்கள். நாக்கும் உதடும் மரத்துப் போயின.

இந்த மரமரப்பு அதற்கு முன்பே பலருக்குத் தெரிந்ததுதான். பிராய்டும் தம் கட்டுரையில் அதைக் குறிப்பிட்டிருந்தார். ஆனால் நாக்கு மரத்தால் கண்ணும் மரக்குமே என்ற எண்ணம் கொல்லருக்குத்தான் உதித்தது. ஏன் தெரியுமா? பல மாதங்களாக அவர் அதே கேள்வியை மனத்தில் சுமந்து கொண்டிருந்தார். தேடுகிறவர் கண்ணுக்கே பொருள் அகப்படும்.

பிராய்டு தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைக் காண வெளியூர் சென்றிருந்த நாட்களில் கொல்லர் ஸ்டிரிக்கரின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். சிறிது வெண்பொடியை நீரில் கரைத்து ஒரு தவளையின் கண்ணில் விட்டார். ஏறக்குறைய ஒரு நிமிடம் கழிந்தது. ஊசியால் அந்தக் கண்ணைத் தொட்டார். தவளை அசையவில்லை! மருந்து இடாத மறுகண்ணைத் தொட்டதும் துள்ளியது. அடுத்து முயலுக்கும் நாய்க்கும் இட்டுப் பார்த்தார். அதன்பின் அவரும் உடனிருந்த ஆய்வாளரும் தங்கள் கண்களிலேயே விட்டுக் கொண்டு, கண்ணாடி முன் நின்று குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார்கள். தொடுவதே தெரியவில்லை.

1884 செப்டம்பர் 11-ஆம் நாள் கொல்லர் இந்த மருந்தை இட்டு முதல் கண் அறுவையைச் செய்தார். அந்த வாரத்திலேயே ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கண் மருத்துவர்களின் மாநாடு கூடியது. அங்கே செல்லக் கொல்லரிடம் பணம் இல்லை. திரியெஸ்தே நகரிலிருந்து வந்த பிரெத்தவர் என்ற மருத்துவர் அவருடைய சிறு கட்டுரையைச் செப்டம்பர் 15-ஆம் நாள் மாநாட்டில் படித்தார். செயல்முறையும் காட்டப்பட்டது. கூடியிருந்தோர் வியந்து போயினர். ஒரு மாதத்திற்குள் செய்தி அமெரிக்காவை எட்டியது. அக்டோபர் 17-இல் கொல்லரே வியன்னா மருத்துவர் சங்கத்தில் விரிவான கட்டுரை படித்தார். பல்லுக்கும் தொண்டைக்கும் மூக்கிற்கும் இம்முறை பரவியது.

சென்னைக்கும் அது வந்தது. எழும்பூர்க் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்ட மிகப் பழமையான நிறுவனம். 1909-இல் அங்கே எலியட் கண்ணின் வெண்படலத்தில் நுண்துளை இட்டுக் கண்நீர் அழுத்த நோயைத் தணிக்கும் அறுவையை வகுத்தார். உலக மருத்துவர்கள் அதை எலியட் அறுவை என்றே அழைத்தார்கள். அந்நாட்களில் கண் அறுவைக்கு வழக்கமாக இடப்பட்டது கொல்லர் காட்டிய மருந்துதான்.

நண்பரின் தந்தையும், நண்பரின் நண்பரும்

1885-இல் பிராய்டின் தந்தைக்குக் கண்நீர் அழுத்த நோய் கண்டு அறுவை செய்ய நேர்ந்தது. கத்தியைப் பிடித்தவர் கோனிக்ஸ்டைன் என்ற மருத்துவர். கண்ணை மரக்கச் செய்யும் பொறுப்பைக் கொல்லர் ஏற்றார். பிராய்டு அருகில் நின்று உதவினார். ஒரு கண்டுபிடிப்பில் பங்கு கொண்ட மூவரும் ஒரே அறையில் நின்று ஒரு முதியவரின் கண்ணைக் காத்த காட்சி எவ்வளவு இனியது!

ஆனால் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கொக்கெயின் கண்ணை மரக்கச் செய்வதோடு நிற்பதில்லை. கண்ணின் பாவையை விரியவும் செய்கிறது. இதைக் கொல்லர் தொடக்கத்திலேயே கண்டு எழுதி வைத்தார். சிலருடைய கண்ணில் நீர் வடியும் மூலை பிறவியிலேயே குறுகலாக இருக்கும். அவர்களுக்குப் பாவை விரிந்தால் அந்த வழி அடைபட்டு, கண்ணில் அழுத்தம் திடீரென ஏறும். கடும் தலைவலியும் வாந்தியும் வரும். உடனே கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடும். ஒருவர் கண்ணுக்கு ஒளி தரும் மருந்து, வேறு நோயுள்ள மற்றொருவர் கண்ணுக்கு இருள் தரலாம். மருந்து அதேதான், கண்தான் வேறு.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் துயரமானது. பிராய்டுக்கு பிளைஷல் என்ற இனிய நண்பர் ஒருவர் இருந்தார். அவர் சிறந்த உடலியல் அறிஞர். பிண ஆய்வு செய்யும்போது பெருவிரலில் விஷம் ஏறி, விரலையே வெட்ட நேர்ந்தது. வெட்டிய இடத்தில் நரம்பு முடிச்சுகள் வளர்ந்து தாங்க முடியாத வலி கொடுத்தன. வலிக்கு மார்பின் போட்டுக் கொண்டார். நாளடைவில் மார்பினுக்கு அடிமையானார். அவரை மீட்கலாம் என்ற நல்லெண்ணத்தில் பிராய்டு அவருக்குக் கொக்கெயின் கொடுத்தார். நடந்தது என்ன? ஒரு மருந்துக்கு அடிமையாக இருந்தவர் இரண்டுக்கு அடிமையானார். உடலும் உள்ளமும் சிதைந்து 1891-இல் 45-ஆம் வயதில் மறைந்தார். நியூயார்க்கில் இந்த மருந்தைத் தம் உடலிலேயே சோதித்த அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட்டும் அதன் பிடியில் சிக்கிப் பல ஆண்டுகள் துன்புற்றார்.

நண்பருக்குக் கேடு செய்ய பிராய்டு எண்ணவில்லை. ஒரு மருந்தின் மேல் இன்னொரு மருந்தை ஏற்றினால் என்ன விளையும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக நம்பியதே துன்பத்தை விளைத்தது. இன்று நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொக்கெயின் கடுமையாகத் தடுக்கப்பட்ட போதைப் பொருள் என்பதையும் மாணவியர் நினைவிற் கொள்ள வேண்டும்.

நாடு விட்டு நாடு

உலகமே கொல்லரைப் புகழ்ந்தது. ஆனால் சொந்த ஊரில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. 1885 ஜனவரியில் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் சிகிச்சை பற்றி வாக்குவாதம் எழுந்தது. உடன் பணிபுரிந்த ஒரு மருத்துவர் பலர் முன்னிலையில் கொல்லரின் யூத இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார். கொல்லர் அவரை அறைந்துவிட்டார். அக்கால வழக்கப்படி அது வாட்போரில் முடிந்தது. எதிராளி காயமுற்றார், கொல்லர் தப்பினார். சினத்தை அடக்கியிருக்கலாம் என்று நாம் இன்று எண்ணலாம். பிறப்பைச் சொல்லி ஒருவரை இழிவு செய்வது எவ்வளவு ஆழமாகப் புண்படுத்தும் என்பதையும் எண்ண வேண்டும். அவர் விரும்பிய உதவியாளர் பதவி இறுதிவரை கைகூடவில்லை.

மனம் நொந்து அவர் வியன்னாவை விட்டுப் புறப்பட்டார். ஹாலந்து நாட்டின் உத்ரெக்ட் நகரில் தொண்டர்ஸ், ஸ்னெல்லன் ஆகிய கண் மருத்துவ மேதைகளிடம் பணியாற்றினார். பள்ளியில் கண் சோதனையின்போது மேலிருந்து கீழே சிறுத்துக் கொண்டே வரும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள் அல்லவா? அந்த அட்டையை 1862-இல் வகுத்தவர் இந்த ஸ்னெல்லன்தான்.

1888-இல் கொல்லர் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் குடியேறினார். மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் கண் மருத்துவராகப் பணிபுரிந்தார். மணம் செய்து கொண்டார், மக்கட்பேறும் பெற்றார். தம் கண்டுபிடிப்பைக் கொண்டு செல்வம் சேர்க்க அவர் முயலவில்லை. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் 1922-இல் அமெரிக்கக் கண் மருத்துவச் சங்கம் லூசியன் ஹோவ் பதக்கத்தை முதன்முதலாக அவருக்கே வழங்கியது.

உப்பும் நரம்பும்

அவர் நியூயார்க்கில் அமைதியாக வாழ்ந்த ஆண்டுகளில் அவருடைய மருந்துக்குத் தம்பியர் பலர் பிறந்தனர். 1905-இல் ஜெர்மனியில் ஐன்ஹார்ன் செய்த புரோகெயின் வழக்கிற்கு வந்தது. 1943-இல் சுவீடனில் லோப்கிரனும் லுண்ட்குவிஸ்டும் லிடோகெயினைக் கண்டனர். சில ஆண்டுகளில் சைலோகெய்ன் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. பல் பிடுங்குமுன் நமக்குப் போடும் ஊசி பெரும்பாலும் இந்த இனம்தான்.

இவை எப்படி வேலை செய்கின்றன? விடை நம் ஊர்ப் பாத்தியிலேயே இருக்கிறது. உப்பில் உள்ள ஒரு பொருள் சோடியம். நம் உடலின் நீரிலும் அது இருக்கிறது. நரம்பின் சுவரில் சோடியம் நுழையும் மிக நுண்ணிய கதவுகள் உண்டு. வலி தோன்றும்போது இக்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க, சோடியம் உட்புக, செய்தி மூளையை நோக்கி ஓடுகிறது. மரக்கச் செய்யும் மருந்து இந்தக் கதவை அடைத்து விடுகிறது. சோடியம் நுழையாது, செய்தி ஓடாது, வலி தெரியாது.

ஆனால் சோடியக் கதவுகள் கண்ணிலும் பல்லிலும் மட்டுமா இருக்கின்றன? இதயத்திலும் இருக்கின்றன, மூளையிலும் இருக்கின்றன. மேலே பூசிய மருந்து இரத்தத்தில் கலந்து அங்கே போய்ச் சேர்ந்தால் இதயம் தடுமாறும், வலிப்பு வரும். மருந்து ஓரிடத்தில் இடப்படுகிறதே தவிர, ஓரிடத்தில் நிற்பதில்லை. புண்ணான தோலும், வாய், மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரத்தோலும் அதை விரைவாக உறிஞ்சிக் கொள்கின்றன.

ஆகவே மருத்துவர்கள் படிப்படியாகக் கற்றுக் கொண்ட பாடங்கள் பல. அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

மருந்து விரைவில் இரத்தத்தில் கலந்துவிடாதிருக்க ஜெர்மானிய மருத்துவர் பிரவுன் அதனுடன் அட்ரினலினைச் சேர்த்தார். அது நல்ல வழிதான். ஆனால் கொக்கெயின் தானே உடலில் அட்ரினலின் வகைப் பொருள்களைத் தங்கச் செய்வது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் எகிறும். இதய நோய், இரத்தக் கொதிப்பு, தைராய்டு மிகுதி உள்ளவர்களுக்கு அட்ரினலின் கலந்த ஊசியை அளந்தே போட வேண்டும். புரோப்பிரனலால் மாத்திரையோ, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோ உண்பவருக்கும் அப்படியே.

லிடோகெயினை உடலிலிருந்து அகற்றுவது கல்லீரல். கல்லீரல் நோயாளிக்கும், இதயம் தளர்ந்தவருக்கும் அது நெடுநேரம் தங்கும். புரோப்பிரனலாலும், வயிற்றுப் புண்ணுக்கான சிமெடிடினும் இந்த வேலையைத் தாமதப்படுத்தும். இதயத் துடிப்பைச் சீர்செய்ய மாத்திரை உண்பவருக்குத் தடுமாற்றம் இரட்டிப்பாகலாம்.

புரோகெயின் உடலில் சிதையும்போது ஒரு துணைப்பொருள் உண்டாகிறது. அதே பொருள்தான் கிருமிகளுக்கும் உணவு. சல்பா மருந்துகள் அந்த உணவைத் தடுத்தே கிருமிகளை ஒடுக்குகின்றன. 1940-இல் இந்த உண்மை வெளிப்பட்டபோது மருத்துவர்கள் திடுக்கிட்டனர். புண்ணை மரக்கச் செய்ய ஒரு மருந்தும், ஆற்ற ஒரு மருந்துமாக இட்டால் முன்னது பின்னதின் கையைக் கட்டிவிடும்! மேலும் இந்த இன மருந்துகளை இரத்தத்தில் சிதைக்க ஒரு நொதி வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. வயலில் தெளிக்கும் சிலவகைப் பூச்சி மருந்துகள் உடலில் ஏறினாலும் அது குறைந்து போகும்.

இன்னொன்று, நம் பக்கத்து ஊரோடு தொடர்புடையது. செங்கற்பட்டை அடுத்த திருமணித் தொழுநோய் மருத்துவமனையில் 1940-களில் டாக்டர் காக்ரேன் டாப்சோன் மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்து வழிகாட்டினார். எண்ணற்றோரை வாழ்வித்த மருந்து அது. ஆனால் டாப்சோன் உண்பவருக்குப் பென்சோகெயின் மருந்தைத் தொண்டையில் பீய்ச்சினாலோ, பிரிலோகெயின் களிம்பைத் தோலில் மிகுதியாகப் பூசினாலோ ஆபத்து நேரலாம். இரத்தத்திலுள்ள இரும்பு மாறுபட்டுப் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும், மூச்சுத் திணறும். சல்பா மருந்தும், மலேரியாவுக்கான பிரிமாகுயினும், நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரைகளும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. இதற்கு மாற்று மருந்து மெதிலீன் நீலம். அதுவும் ஒருவகை நொதிக் குறைவோடு பிறந்தவருக்கு ஆகாது. பாருங்கள், ஒன்றுக்கொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன!

கைக்குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிகுதி. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் மரக்கச் செய்யும் களிம்பைத் தடவும் பழக்கம் பல நாடுகளில் இருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-இல் குழந்தைகளின் ஈறில் லிடோகெயின் தடவுவதை எதிர்த்தும், 2018-இல் இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பென்சோகெயின் தடவுவதை எதிர்த்தும் எச்சரிக்கை விடுத்தது. தூய துணியை நனைத்துக் குளிரச் செய்து கடிக்கக் கொடுப்பதே தாய்மார்க்குப் போதுமானது.

வலி என்னும் காவற்காரன்

இனி மீண்டும் கண்ணுக்கு வருவோம். வெயிலில் கூசிச் சிவந்த கண்ணுக்கு, மருத்துவமனையில் விட்ட அந்தச் சொட்டு மருந்தை வாங்கி நாள்தோறும் விட்டுக் கொண்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். எரிச்சல் உடனே நின்றுவிடுமே! வெல்டிங் பட்டறையில் வேலை செய்வோருக்கும் இந்த ஆசை உண்டு. இது பெருந்தவறு. வலி என்பது கண்ணின் காவற்காரன். தூசி விழுந்தால் இமைக்கச் சொல்பவனும், புண் வந்தால் எழுப்புபவனும் அவனே. அவனை நாள்தோறும் உறங்க வைத்தால் திருடன் தாராளமாக நுழைவான். அதுமட்டுமன்று. இம்மருந்துகள் கருவிழியின் மேல்தோல் மீண்டும் வளர்வதையே தடுக்கின்றன. சிறு கீறல் ஆறாத புண்ணாகி, கருவிழி கரைந்து, பார்வையே போய்விடும். சர்க்கரை நோயாளியின் கருவிழியில் ஏற்கெனவே உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் அவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆகவேதான் கண் மருத்துவர்கள் இந்தச் சொட்டு மருந்தைத் தம் கையால் விடுவார்களே தவிர, வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். உப்பளத்தில் வேலை செய்வோருக்கு நிறக் கண்ணாடியும், நல்ல தண்ணீரில் கண் கழுவுதலும், காலத்தில் மருத்துவரைக் காண்பதுமே தக்க வழிகள்.

மருத்துவமனையில் ஊசி போடுமுன் செவிலியர் பல கேள்விகள் கேட்பார். சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, நெஞ்சுவலி உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முன்பு பல் பிடுங்கும்போது மயக்கமோ தடிப்போ வந்ததா என்பார். நம் பாட்டிமார் பலர் ஒன்றுமில்லை என்று தலையசைத்து விடுவார்கள். சிலருக்குக் கூச்சம். சிலருக்கு, உண்மையைச் சொன்னால் அறுவை நின்றுவிடுமோ என்ற அச்சம். தொழுநோய்க்கோ மனச்சோர்வுக்கோ மருந்து உண்பவர் ஊருக்கு அஞ்சி மறைப்பதும் உண்டு. மறைத்த மாத்திரையே எமனாகலாம் என்பதை அவர்களுக்கு அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் படித்த பெண்களாகிய நாம்தான். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது எளிது. நாட்டு மருந்து உண்டால் அதையும் சொல்ல வேண்டும்.

கார்ல் கொல்லர் 1944-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் நியூயார்க்கில் தம் 86-ஆம் வயதில் காலமானார். அவர் பிறந்த நாட்டை அப்போது போர்த்தீ எரித்துக் கொண்டிருந்தது. அவர் நண்பர் பிராய்டு 1938-இல் வியன்னாவை விட்டுத் தப்பி, மறு ஆண்டே இலண்டனில் மறைந்திருந்தார். இன்று கண் அறுவைக்கு விடும் சொட்டுகளில் கொக்கெயின் இல்லை. அதனினும் மென்மையான மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் அவர் காட்டிய வழி மாறவில்லை. அவர் முதலில் தவளையிடம் கேட்டார். பிறகு தம் கண்ணிடமே கேட்டார். அதன் பின்னரே பிறர் கண்ணைத் தொட்டார். நன்மையைக் கண்டதைப் போலவே பாவை விரிந்ததையும் கண்டு எழுதி வைத்தார்.

மருத்துவராகவும் செவிலியராகவும் ஆக விரும்பும் தோழியர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அவர்கள் கொல்லரிடமிருந்து அந்தப் பொறுமையைக் கற்றுக் கொள்ளட்டும். மற்றவர்களாகிய நாம், மருத்துவர் கேட்கும்போது எதையும் மறைக்காமல் சொல்லும் பழக்கத்தை நம் இல்லங்களில் வளர்ப்போமாக!